காலால் கண்ட கல்

1988 அக்டோபர், சனிக்கிழமை. காலை 9.10க்கு லண்டன் ஹரோவில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினோம். நான் பாளையங்கோட்டையிலிருந்து வந்த விருந்தாளி. உடன் வந்தவர் எனக்குத் தங்க இடம் கொடுத்த சூசை அண்ணை. மன்னார்க் கத்தோலிக்கர், ஐந்து வருடமாக இங்கே அகதி.

முதலாம் எலிசபெத் காலத்துப் பாதிரியார் ஒருவர், பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர், ஆல்ட்கேட் பக்கம் ஒரு பழைய கோவிலின் தரையில் அடக்கமாகியிருக்கிறார். திங்கட்கிழமை அந்தத் தரை முழுக்கக் கம்பளம் ஒட்டப்போகிறார்கள். அதற்குள் அந்தப் பாதிரியாரின் கல்லறைக் கல்லைப் பார்த்துவிட வேண்டும் என்று அண்ணை துடித்தார்.

“கத்தோலிக்கருக்குப் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர் மேல என்ன இவ்வளவு பாசம்?” என்று சீண்டினேன்.

“அவரும் அகதிதானே, தம்பி! கத்தோலிக்க மேரி அரசியான உடன உயிருக்குப் பயந்து ஓடி, ஜெனீவாவில இருந்து மொழிபெயர்த்தவர். எலிசபெத் வந்தாப்பிறகு திரும்பி வந்தவர். கத்தோலிக்கப் பாணி வெள்ளை அங்கி போடமாட்டன் எண்டு நிண்டு வேலையும் போச்சு. பிறகும் இந்தக் கோயில்லதான் பிரசங்கம் வச்சவர்.” சிரித்தவர் மெதுவாகச் சேர்த்தார்: “ஓடின ஆக்கள் கனபேரை எனக்குத் தெரியும். திரும்பிப் போன ஒராளை ஒருக்கால் பாக்கவேணும்.”

அதற்குமேல் எனக்குக் கேலி வரவில்லை.

ஆல்ட்கேட்டில் இறங்கி, நாற்பது பென்ஸுக்குத் தேநீர் குடித்துவிட்டு அரை மைல் நடந்தோம். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார அம்மாள் கையை விரித்தார். “எந்தக் கல்லென்று யாருக்கும் தெரியாது. விரித்த புத்தகம் செதுக்கியிருந்ததாம். நானூறு வருடச் சப்பாத்துகள் தேய்த்துவிட்டன. பன்னிரண்டுக்குப் பூட்டிவிடுவேன்.”

நாங்களோ ஊர் வழக்கப்படி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றியிருந்தோம். “குளிருமே!” என்றார் அம்மாள். உள்ளங்கால் விறைத்தது. குனிந்து குனிந்து தேடியும் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

11.40. அண்ணை அப்படியே நின்றார். காலுறையையும் உருவி எறிந்தார்.

“தம்பி, இஞ்ச ஓடி வாரும்! காலில பள்ளம் ஒண்டு தட்டுப்படுது. ஓம், ஓம், புத்தகத்தின்ர நடுமடிப்பு!”

அம்மாள் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தார். இரண்டு பக்கங்கள் மங்கலாக எழுந்தன. “முப்பது வருடம் இதன்மேல் நடந்திருக்கிறேனே!” என்று அவரும் காலணியைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். மூன்று பேரும் பிள்ளைகளாகச் சிரித்தோம். இந்தக் கல்லை விட்டுத்தான் கம்பளம் வெட்டவேண்டும், இப்போதைய பாதிரியாரிடம் நானே பேசுகிறேன் என்றார் அம்மாள்.

அடுத்த செவ்வாய் நான் ஊருக்கு விமானம் ஏறினேன். எனக்குத் திரும்புவது ஒரு டிக்கெட் காரியம். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. வழியனுப்ப வந்த அண்ணை முகத்தில் மட்டும் சனிக்கிழமைச் சிரிப்பு அப்படியே இருந்தது.

“நீர் முன்னால போம், தம்பி,” என்றார். “நான் பின்னால வாறன்.”