நீலவேணியைக் கரைசேர்த்த மத்தியானம்

தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவள் நான். வெள்ளிக்கிழமை வந்தால் போதும், கதாநாயகியை எதிலாவது தள்ளிவிடச் சொல்வார்கள். கிணறு, லாரி, காஸ் கசிவு, மாமியார் கலக்கிய பால் என்று எதுவானாலும் சரி. திங்கட்கிழமை அவள் பிழைத்துக்கொள்வாள் என்பது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதை நான் எடுத்துச் சொன்னால் மட்டும் அங்கே யாருக்கும் காது கேட்பதில்லை. எனக்கோ இது பத்து வயதில் காசிமேட்டில், எங்கள் சந்தில், தெரிந்துபோன சங்கதி.

நைனா விசைப்படகில், எங்கள் பேச்சில் லாஞ்சில், வேலை செய்தார். போனால் ஏழெட்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துத் திரும்புவார்கள். அந்த நாட்களில் சாயங்காலமானால் அம்மாவும், நைனாவின் அக்காவான அத்தையும் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளுவார்கள். கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு நான் கதை சொன்னேன். என் கதாநாயகியின் பெயர் நீலவேணி. அவளை நான் படுத்தாத பாடு இல்லை. மணலிப் பக்கம் டேங்கர் லாரி துரத்தியது, திருவொற்றியூர் கேட்டில் ரயில் வந்தது, குடோனில் போட்டுப் பூட்டினார்கள், ஐஸ் பெட்டிக்குள் அடைத்தார்கள். ஒவ்வொரு நாளும் உயிர் போகிற இடத்தில் நிறுத்திவிட்டு, மீதி நாளைக்கு என்று பெருமையாக எழுந்திருப்பேன்.

முதல் வாரம் மீதியையும் கேட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஐஸ் பெட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் எப்போது ஊற்றுவான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மூச்சு முட்டிச் சாகக் கிடக்கிறாள், உங்களுக்குப் பயமே இல்லையா என்று அத்தையைக் கேட்டேன்.

"அது சாவாதுடி. செத்தா நாளைக்கு நீ இன்னா கத சொல்லுவ?" என்றாள் அத்தை, கருவாட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

இன்றைக்கு வரைக்கும் என் தொழிலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. அத்தையை எப்படியாவது நடுங்க வைத்துவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து, மறுநாள் நீலவேணியை ஒரு லாஞ்சில் ஏற்றினேன். நடுக்கடலுக்குக் கொண்டுபோனேன். லாஞ்சு கவிழ்ந்தது என்று சொன்னேன்.

ஆம்பிளைகள் கடலில் இருக்கும்போது எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். கழுவிய சட்டியைக்கூடக் கவிழ்க்காமல் சாய்த்துத்தான் வைப்பார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கதைக்குள் சொன்னால் கணக்கில் வராது என்று நினைத்துவிட்டேன். அத்தை என் வாயில் பட்டென்று ஒன்று வைத்தாள். குழாயடிக்கு இழுத்துப்போய் மூன்று தரம் வாய் கொப்பளிக்க வைத்தாள். இனிமேல் கதை என்று வாயைத் திறந்தால் சூடு வைப்பேன் என்றாள். கடல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வலியோடு வலியாக எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கடைசியில் பயந்தாளே என்று.

அந்தச் சனிக்கிழமை வரவேண்டிய நைனாவின் படகு வரவில்லை. கூடப் போன படகுகளெல்லாம் வந்துவிட்டன. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. ஞாயிறும் போனது, திங்களும் போனது. அத்தை துறைமுகத்திலேயே கிடந்தாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து சந்து முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உலை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் எனக்குச் சோறு போட்டார்கள்.

எனக்கு நெஞ்சுக்குள் ஒரே விஷயம்தான். நீலவேணி இன்னும் தண்ணீரில் இருக்கிறாள். அவளை நான்தான் அங்கே தள்ளினேன். அவளை மேலே கொண்டுவராமல் நைனா எப்படி வருவார்? ஆனால் வாயைத் திறந்தால் சூடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதற்குமேல் தாங்கமுடியாமல் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனாள். பாயில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவள தண்ணியிலயே வுட்டுட்டு வந்துட்டியே. கரைக்கு இட்டாந்துடு. நான் கேட்டுகினு கீறேன்" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். பழக்கதோஷம், எடுத்த எடுப்பிலேயே ஒரு சுறா வந்தது.

"சுறால்லாம் வேணாம். அவ பாட்டுக்கு வரட்டும்."

சுறாவை அனுப்பிவிட்டேன். புயலையும் வேண்டாம் என்றாள். எனக்குக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆபத்தே இல்லாமல் ஒருத்தியை எப்படி நகர்த்துவது? ஒரு மரப்பலகையைக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணி கீதா என்று அம்மா கேட்டாள். ஒரு கேன் மிதந்து வந்தது. தூரத்தில் எண்ணூர் புகைபோக்கி தெரிந்தது. ஒரு படகுக்காரர் கயிறு வீசினார், அவள் பிடித்துக்கொண்டாள். கரையில் இறங்கியதும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று முடிக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"எந்தத் தெரு வயியா வர்றா?"

ஏலம் போடுகிற கொட்டகையைத் தாண்டி வந்தாள் என்றேன். ஐஸ் கம்பெனி, மாதா கோயில், மாவு மிஷின், குழாயடி. ஒவ்வொரு இடத்திலும் அம்மா உம் கொட்டினாள். நீலவேணிக்கு ஒன்றுமே ஆகவில்லை, ஈரப் புடவையோடு நடக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு முதல் தடவையாக நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐயோ, அவள் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே என்றிருந்தது. சந்துக்குள் திரும்பினாள். வாசற்படியில் காலை வைத்தாள் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன்.

அம்மா தூங்கிப்போயிருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஐஸ் பெட்டிக்குக்கூட விழித்திருந்தவள், நீலவேணி வீடு வந்து சேருகிற இடத்திலா தூங்குவாள்? சத்தியமாக இனி இவர்களுக்குக் கதை கிடையாது என்று முடிவு செய்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அத்தை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"கெடச்சிட்டாங்கடி. இஞ்சின் பூட்ச்சாம். வேற லாஞ்சு கயிறு கட்டி இஸ்துகினு வருது" என்றவள், அம்மாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எவ்வளவு நேரமாகத் தூங்குகிறாள் என்று கேட்டாள். நான் என் மனக்குறையைச் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் செய்தாள். எழுப்பட்டுமா என்றேன். லாஞ்சு கரைக்கு வர இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் தூங்கட்டும் என்று சொல்லி அம்மாவின் காலருகே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் துறைமுகத்தில் நைனா என்னைத் தூக்கிக்கொண்டபோது அவர் மேலெல்லாம் டீசல் நாற்றம். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தபிறகு, அம்மாவின் மேல் புகார் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா தரையைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கண்ணை மூடாத ஒருத்தியை என் கதை தூங்க வைத்திருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்த தடவை முழித்திருந்து கேட்பதானால்தான் சொல்வேன் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.