விண்ணப்பத்தில் எழுத வேண்டிய பெயர்

திங்கட்கிழமை மதுரையில் ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருக்கிறேன்.

எனக்கு இரண்டு வயதில் அப்பா பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் இறந்தார். அந்த விபத்தின் கோப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தை முன்பே நிரப்பிக் கொண்டு வரச் சொன்னார்கள்.

இன்று காலை சாத்தூர் பஸ்ஸில் அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெரியப்பா. ‘இறந்தவர் பெயர்’ என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதியதும் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பேர்ல தேடுனா கெடைக்காது தாயி. எம்பேர எழுது."

"நீங்கதான் உயிரோட இருக்கீகளே பெரியப்பா?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். சீசன் நேரத்துல லீவு போட்டா வேலையவிட்டு நிறுத்திருவாகன்னு உங்கப்பன் எனக்குப் பதிலாப் போனான். வருகை நோட்டுல எம்பேருதான் இருந்துச்சு. போலீசும் அதப் பாத்துத்தான் எழுதுனாக."

இதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாத்தூரில் இறங்கி டீ வாங்கித் தந்தார். குடித்தேன். சூடாக இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

விண்ணப்பத்தில் அப்பா பெயரை அடித்துவிட்டுப் பெரியப்பா பெயரை எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ‘இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

காப்பகத்துக்குப் போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது?