அண்ணைக்குப் பொரித்த பன்றி வடை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நானும் ஓர் அண்ணையும் இருந்தோம். உடன்பிறந்தவரல்ல, வாடகையைப் பங்குபோட்டதில் வந்த அண்ணை. காலைச் சாப்பாட்டுக் கடையொன்றில் சமையல்காரராக இருந்தவர். அரைத்த பன்றி இறைச்சியில் சேஜ் இலைத்தூளும் மிளகும் சேர்த்துத் தட்டிப் பொரிக்கும் வெள்ளைக்காரச் சொசேஜுக்கு நாங்கள் வைத்த பெயர் பன்றி வடை. அண்ணைக்கு வயிற்றில் புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

வந்துபோகும் நர்ஸ் ஒருநாள் கண்டிப்பாகச் சொன்னார்: நாளை மத்தியானத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் வார்டுதான். அண்ணைக்குச் சாவில் பயமில்லை, வார்டில்தான் பயம்.

"அங்கை செத்தால் திரையை இழுத்துவிட்டிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குத் தேத்தண்ணி குடுப்பாங்களடா."

"அப்ப என்னண்ணை சாப்பிடுவியள்?"

"பன்றி வடை."

நான் பன்றி சமைத்ததே இல்லை. மறுநாள் காலை அரைத்த இறைச்சியை வாங்கிவந்து பொதியைப் பிரித்தேன். சரியாக வேகாத பன்றி ஆளையே கொன்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சாகக் கிடப்பவரை நான் முந்திக்கொண்டு கொன்றுவிட்டால்? மூளை நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டது. பொய்முடி வைத்த நீதிபதி தீர்ப்பும் வாசித்துவிட்டார். ஆகவே யாழ்ப்பாணத்தான் எவனும் இறைச்சியைக் கண்டதும் செய்வதைச் செய்தேன். மஞ்சள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவினேன்.

"என்னடா தண்ணிச் சத்தம்?" அறையிலிருந்து குரல் வந்தது.

"இறைச்சி கழுவுறன் அண்ணை."



"அரைச்ச இறைச்சியையோ? மோட்டுக் கழுதை! கொழுப்பெல்லாம் குழாய்க்குள்ளை போயிருக்குமே!"

சிரித்தார். சிரிப்பு வலியாக மாறி முனகலாக முடிந்தது. தட்டிப் போட்டவை சட்டியில் தண்ணீர் விட்டு, புட்டுப்போல உதிர்ந்தன. கடைக்கு ஓடிப்போய் வேறு இறைச்சி வாங்கி வந்தேன். அண்ணையைத் தூக்கிவந்து குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தினேன். உள்ளே ஆளில்லாத குளிர்ச்சட்டை ஒன்றைத் தூக்கியதுபோல இருந்தது.

"கையைக் குளிர்தண்ணியிலை நனைச்சுப்போட்டுப் பிசை. இறைச்சி கையிலை ஒட்டுற பதம் வரவேணும். முதல்லை ஒரு துண்டு பொரிச்சு உப்புப் பார்."

பார்த்தேன். தட்டினேன். பொரித்தேன். உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பிய்த்துப் பார்த்ததில் வடைகள் விபத்தில் சிக்கியவை போலக் கிடந்தன.

அண்ணை ஒரு விள்ளலை வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். பிறகு கடதாசியில் துப்பினார்.

"உப்புச் சரி. விழுங்க ஏலாது."

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். நர்ஸ் வரும் நேரம்.

"மத்ததை நீ சாப்பிடு."

"அண்ணை..."

"நான் பாக்கிறன். சாப்பிடு."

அவர் கண் என் வாயை விட்டு விலகவில்லை. தட்டில் எண்ணெய் மட்டும் மிஞ்சியபோது வாசல் மணி அடித்தது. அண்ணை தட்டை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸ் வெறும் தட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, நல்லது, நாளைக்கும் வருகிறேன் என்று போனார்.

"நாளைக்கு மிளகைக் கொஞ்சம் கூட்டிப் போடு" என்றார் அண்ணை.

போட்டேன். அதையும் அவர் பார்த்திருக்க நானே சாப்பிட்டேன், அவர் போகும்வரை ஒவ்வொரு நாளும். அவர் வீட்டிலேயே இறந்தார். அதற்குள் எனக்கு உடம்பு வைத்திருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள்.