கந்தையா என்று கூப்பிட்டால் அடிப்பான்

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பெற்றோரின் வேலை. அது தப்பி ஓடாமல் பார்ப்பது எங்களுடைய வேலை. நீங்களும் சிட்னியிலோ மெல்பேணிலோ ஒரு அரச பள்ளியின் வகுப்பறையை வாடகைக்கு எடுத்து, வேறொரு ஆசிரியர் "அழிக்க வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போன வெண்பலகையின் மிச்சத்தில் வேற்றுமை உருபு நடத்தியவர் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

மகேசன் அங்கிள் சொன்னது

வருடாந்தக் கண்காட்சிக்கு "எங்கள் அயல்" என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். என் ஒன்பதாம் வகுப்பு, புதிதாகத் திறந்த பபிள் டீக் கடையைப் பற்றிச் செய்வதென்று ஏகமனதாக முடிவெடுத்தது. நான் மறுப்புச் சொல்ல வாயெடுத்தபோது, பள்ளியின் சாவிக்கொத்துக்குப் பொறுப்பான மகேசன் அங்கிள் உள்ளே வந்தார். சிட்னியில் இந்த லிட்கம் பகுதியிலேயே நெடுங்காலமாக இருப்பவர். இந்தப் பகுதிக்கு இலங்கை யுத்தத்திலிருந்து முதன்முதல் வந்த தமிழ்ப் பிள்ளை இதே அரச பள்ளியில்தான் படித்தது என்று சும்மா சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். பெயர் ரவி. கந்தையா மாஸ்டரின் மகன். தாய் முன்பே இறந்துவிட்டாள். தகப்பன் ஊரிலேயே நிற்க, ஒன்பது வயதில் சித்தப்பனோடு வந்தவன்.

வகுப்பு எழுந்துவிட்டது. இலக்கண வகுப்பில் நான் ஒருநாளும் காணாத முகங்கள். அப்பா இல்லாமலா, பிளேனிலா, இங்கிலிஷ் தெரியுமா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மாதங்கி, தான் இருந்த இடத்தைக் காட்டி, "அங்கிள், இந்தக் கதிரையிலயா இருந்தவர்?" என்று தமிழிலேயே கேட்டாள். மகேசன் அங்கிள் குனிந்து பார்த்தார்.

"கதிரையள் எல்லாம் மாத்திப்போட்டாங்கள் பிள்ளை. பெடியன் இருந்தது மட்டும் உண்மை."

ரவியைத் தெரியாத ஆசிரியை

பள்ளிக்கு எதிர்வீட்டில் மிஸஸ் ஹோல்ட் இருக்கிறார். அந்தக் காலத்தில் இங்கே படிப்பித்து ஓய்வுபெற்றவர். மாதங்கியையும் கவினையும் கூட்டிக்கொண்டு போனேன். கவின் அதிகம் பேசமாட்டான். பிஸ்கட் இருக்கும் என்று நம்பி வந்தவன். பிஸ்கட் இருந்தது. ஆனால் ரவி இல்லை. தன்னிடம் படித்த ஒரு பிள்ளையையும் மறந்ததில்லை, ரவி என்று ஒருவன் இருந்ததே இல்லை என்றார் அவர். மாதங்கியின் முகம் விழுந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பட்டது. நாங்கள் ஊரில் தகப்பன் பெயரை முதலிலும் எங்கள் பெயரைப் பிறகும் எழுதிப் பழகியவர்கள்; இங்கே முதலில் இருப்பதைத்தான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் என்னை ஆஸ்பத்திரியில் "சிவலிங்கம்" என்று கூப்பிட்டார்கள். அது என் அப்பாவின் பெயர், அவர் எங்கே வந்தார் என்று சுற்றிப் பார்த்தேன். அந்தச் சித்தப்பனும் ஊர் வழக்கப்படிதானே எழுதிக் கொடுத்திருப்பார்? கந்தையா என்று யாராவது படித்தார்களா என்று கேட்டேன்.

மிஸஸ் ஹோல்ட் கோப்பையைக் கீழே வைத்தார். கந்தையாவா, அவனைப் போல ஓடக்கூடிய பிள்ளையை இந்தப் பள்ளி கண்டதில்லை என்றார். தங்கமான பையன். ஆனால் மைதானத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடிப்பான். ஆசிரியர்கள் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வான். கடைசியில் அஞ்சலோட்டக் குழுவிலிருந்து அவனை நீக்கியது அவரேதான்.

"இத்தனை வருடமாக யோசிக்கிறேன். தன் பெயரைச் சொன்னதற்காக ஒரு பிள்ளை ஏன் அடிக்கவேண்டும்?"

நடைபாதையில் கவின்

தெருவுக்கு வந்ததும் கவின் நின்றுவிட்டான். இவன் என் மேசைக்குப் பக்கத்தில் தனியாக இருத்தப்பட்டவன் என்பதைச் சொல்லவேண்டும். காரணம், போன தவணை தன் நண்பனின் மூக்கில் குத்தியது. நண்பன் செய்த குற்றம், எல்லோருக்கும் முன்னால் கவினைக் கவினின் அப்பாவின் பெயரால் அழைத்தது.

உங்கள் வகுப்பிலும் இது நடந்திருக்கும். இங்கே நார்த்மீட்டில் பிறந்து வளர்ந்து, நாங்கள் மன்றாடிச் சொல்லிக்கொடுக்கிற எதையும் வாங்கிக்கொள்ளாத பிள்ளைகள், தகப்பன் பெயரைச் சொல்லி வம்பிழுப்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கிறார்கள்.

"ரீச்சர், ஹோல் ஸ்கூலும் அவற்ற அப்பான்ர பேரைக் கத்தியிருக்கு. நானெண்டா பிரின்சிபலுக்கும் அடிச்சிருப்பன்."

ஸ்பீக்கர் போன்

மாதங்கி திரும்பி ஓடிப்போய் மிஸஸ் ஹோல்டிடம் அதைச் சொன்னாள்.  அவர், அவனை ஒருமுறை பார்க்கமுடியுமா என்று மட்டும் கேட்டாராம். அதோடு கண்காட்சி எங்களுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. ரவியை வரவைக்க வேண்டும், அவ்வளவுதான். மகேசன் அங்கிள் ஆளாளாக விசாரித்து ஒரு இலக்கம் எடுத்துத் தந்தார். ரவி மெல்பேணில், கேரம் டவுன்ஸ் பக்கம், எலெக்ட்ரீஷியன்.

அடுத்த சனிக்கிழமை மேசையில் போனை வைத்துவிட்டு வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. ஒருவரும் பக்கத்தில் நிற்பவரைக் கிள்ளவில்லை. மாதங்கி எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தாள். மறுமுனையில் ரவி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பள்ளிக்கூடத்தில் தனக்குக் கதை ஒன்றும் கிடையாது, வேலைக்கு நேரமாகிறது, நல்லாப் படியுங்கோ என்றார். மாதங்கி என்னைப் பார்த்தாள். 

கவின் போனுக்கு மேலே குனிந்தான். தனக்கு விஷயம் தெரியும் என்றும், அவர் அடித்தது பிழையில்லை என்றும், மிஸஸ் ஹோல்டுக்கும் இப்போது தெரியும் என்றும் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லி முடித்தான். போன் வெட்டுப்பட்டுவிட்டது என்றே நினைத்தோம். பிறகு ஒரு சிரிப்புக் கேட்டது, அது பாதியில் நின்றது.

"மிஸ் இன்னும் உயிரோட இருக்கிறாவோ?"

மண்டபத்தில்

வருவதாக ரவி சொல்லியிருந்ததால், கண்காட்சி நாளன்று பிள்ளைகள் வாசலிலேயே நின்றார்கள். வந்து நின்ற கார் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ரவியாக இருந்தது. கடைசியில் அவர் ஊபரில் வந்து இறங்கினார். நரைத்த தாடி, இஸ்திரி போட்ட சட்டை. மாதங்கி கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள், அவரும் ஒழுங்காகப் பதில் சொன்னார். அது என் அப்பாவின் பெயர் என்று சொல்ல ஒன்பது வயதில் அவரிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. ஆங்கிலம் வந்தபோது, ஊரில் ஓர் இடப்பெயர்வில் அப்பா காணாமற்போன செய்தியும் வந்துவிட்டது. அதன்பிறகு சொல்ல மனம் வரவில்லை. அடுத்த பள்ளியில் ரவி என்று பதிந்துகொண்டார்.

மிஸஸ் ஹோல்ட் ஊன்றுகோலோடு வந்தார். குழுவிலிருந்து நீக்கியதற்கு மன்னிப்புக் கேட்டார். ரவி தலையைக் குனிந்துகொண்டார். இந்தத் தடவை பெயரைச் சரியாகச் சொல்லவேண்டும், உன்னை நான் எப்படிக் கூப்பிடட்டும் என்று மிஸஸ் ஹோல்ட் கேட்டார்.  ரவி ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னார். எங்களுக்காக அதையே தமிழிலும் திரும்பச் சொன்னார்.

"கந்தையா எண்டே கூப்பிடுங்கோ மிஸ். அப்பான்ர பேரைச் சொல்லிக் கூப்பிட இப்ப வேற ஆள் இல்லை."

முதற்பரிசு எட்டாம் வகுப்பு ரெஜிபோம் நுரைப்பலகையில் செய்த கோயில் கோபுரத்துக்குப் போயிற்று, அதை இரவிரவாக இருந்து கட்டிய பெற்றோரே மேடையேறி வாங்கினார்கள். சனிக்கிழமைப் பள்ளியில் நியாயம் அவ்வளவுதான் கிடைக்கும்.