மழையில் ஊதிய சங்கு

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று காலை ஆற்று வெள்ளத்தை, ரப்பர் பால்வாளியும் கையுமாக வரிசையில் நின்று வரவேற்றேன்.

மழை நாளில் ரப்பர் மரம் சீவ ஆள் கூப்பிடுவதில்லை. ஆனாலும் தோட்டத்து ஆலையில் சங்கு ஊதியது.

"மழையில எதுக்குத் தம்பி ஊதுறான்? ஆட்டை அவுத்துக்கிட்டு மேட்டுக்குப் போயிரட்டுமா?" என்றார் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. ஆடு சினையாக இருந்தது.

"துரைக்குத் தூக்கம் வரலக்கா. ஆட்டையும் பெரட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, பேர் பதிஞ்சிரலாம் லா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டு, ஆட்டைக் கட்டியபடியே விட்டு என்னோடு வந்தார்.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் வரிசையாக நின்றிருந்தோம். கங்காணி மேட்டிலிருந்து கத்தினார்: "ஆறு கரையை உடைச்சிருச்சு, மேல ஏறுங்க."

நாங்கள் ஏறிவிட்டோம். கீழே கட்டியிருந்த ஆட்டுக்கு வழியில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆட்டுக்குப் பறித்த தழையை இன்னும் கையில் வைத்திருக்கிறார்.

வேலைக்கும் அதே சங்கு, வெள்ளத்துக்கும் அதே சங்கு. உங்கள் தோட்டத்தில் எப்படி?

சாயங்காலம் தண்ணீர் வடிந்து, வீட்டில் சோறு வடித்தபோது சங்கு மறுபடி ஊதியது. பானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். பாதி வழியில் பானை விழுந்து உடைந்தது.

அது ஆலையில் சேறு அள்ள ஆள் கூப்பிட்ட சங்கு.