முதல் சுண்ணாம்பு துரைக்கு

எங்கள் அம்மாவின் கல்லறைக்கும் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் துரையின் கல்லறைக்கும் நடுவே இருபது அடிதான் இருக்கும். அதைக் கடந்து வர என் நைனாவுக்கு ஒரு முழு மத்தியானம் பிடிக்கும். நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

திருத்தணியில் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் சுண்ணாம்பு பக்கெட்டும் மாலையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும். நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாக ஜெபம் சொல்லி மந்திரிப்பார். அதற்குள் வெள்ளையடித்து, பெயரைக் கறுப்புப் பெயிண்டில் புதுப்பித்து, மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை. நைனாவின் தாத்தாவுக்குத் தாத்தா அந்தத் துரையிடம் குதிரைக்காரராக இருந்தாராம். துரை செத்ததும் கல்லறையைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து முதல் சுண்ணாம்பு துரைக்கு, மிச்சம்தான் சொந்தக்காரர்களுக்கு.

அம்மா இறந்த வருடம் அந்த மிச்சம் பாதிக் கல்லறைக்குக்கூட வரவில்லை. சாமியார் பாசி பிடித்த சிமெண்டின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். பெண்டாட்டியைவிடத் துரை பெரிதாகிவிட்டானா என்று அத்தை எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடம் எனக்குப் பதினொரு வயது. இந்த முறை அம்மாவை விடப்போவதில்லை என்று காலையிலேயே நைனாவிடம் சொல்லிவைத்தேன். ஆங் என்று தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் என்றைக்குமே குறை வைத்ததில்லை.

நைனா பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர். பேச ஆள் கிடைத்தால் விசில் ஊத மறந்துவிடுவார். அன்றைக்குக் கே.ஜி.கண்டிகையிலிருந்து மாமியாரின் கல்லறைக்கு மாலை போட வந்த ஒருவர், இது யாருடையது என்று கேட்டுத் தொலைத்தார். தொடங்கிவிட்டது துரையின் சரித்திரம். பள்ளிக்கூடத்திலேயே கிரிக்கெட்டில் புலி. பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி மெட்ராஸ் வந்தவர். அரக்கோணம் மைதானத்தில் அவர் அடித்த பந்து ஓடிக்கொண்டிருந்த கூட்ஸ் வண்டியில் விழுந்து ஊரைவிட்டே போனது. சண்டையில் தோளில் குண்டு பாய்ந்த பிறகு ஒரே கையால் மட்டை பிடித்து நாள் முழுக்க அவுட் ஆகாமல் நின்றார். கல்லில் இருந்தது என்னவோ நாலே வரி. பெயர், படைப்பிரிவு, கிரிக்கெட் ஆட்டக்காரர், காய்ச்சலில் மரணம். மிச்சமெல்லாம் குதிரைக்காரர் சொன்னதும், அதற்குமேல் நைனா சேர்த்ததும். ரன் வருடாவருடம் ஏறிக்கொண்டே போனது.

மணி மூன்றைத் தாண்டியது. கல்லில் செதுக்கியிருந்த மட்டைக்கு நைனா சின்ன பிரஷால் ஓரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, சாமியார் வந்துடுவாரு."

"வந்துகினே இருக்கேம்மா. துரைக்கு இந்த ஓரம் மட்டும்தான் பாக்கி."

போன வருடமும் இதே ஓரம்தான் பாக்கியிருந்தது. நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். கவுன் முழுக்கச் சுண்ணாம்பு. கண்ணில் தெறித்து எரிந்தது. ஆனாலும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அம்மாவை வெள்ளையாக்கிவிட்டேன். அத்தை வந்து சிலுவையைத் துடைத்துக் கொடுத்தார்.

பாக்கி பெயர் ஒன்றுதான். பெயிண்ட் டப்பா நைனாவிடம் இருந்தது. கூப்பிட்டேன், மறுபடி கூப்பிட்டேன். கண்டிகைக்காரரே சங்கடப்பட்டு, "போங்க சார், பாப்பா கூப்புடுது" என்றார். அதன் பிறகுதான் எழுந்து வந்தார்.

சிலுவை முன்னால் குந்தினார். பிரஷைப் பெயிண்டில் தோய்த்தார், டப்பா விளிம்பில் வழித்தார், மறுபடி தோய்த்தார். கீழ்க்கோடியில் சாமியாரின் வெள்ளை அங்கி தெரிந்தது. எனக்கு உயிரே போய்விடும்போல இருந்தது. நைனா பிரஷை என் கையில் கொடுத்தார்.

"நீயே எழுதிடும்மா. எனக்குக் கோணலாப் பூடும்."

துரையின் நாலு வரியையும் ஒரு எழுத்துகூடச் சாயாமல் அப்போதுதான் எழுதி முடித்திருந்தவர்!

"துரைக்கு நாலு வரி இங்கிலீஷ்ல எழுதுன. அம்மா பேரு மூணு எழுத்துதான, அது எழுத வரலியா உனக்கு?"

நைனா எழுந்து திரும்பிப் போய், கண்டிகைக்காரரிடம் துரை எந்தக் கையால் பந்து வீசுவார் என்று சொல்ல ஆரம்பித்தார். மூன்று எழுத்தையும் நானே எழுதினேன். கடைசி எழுத்து வழிந்து கீழே இறங்கியது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், எழுத்து நன்றாயிருக்கிறது என்று பொய் சொன்னார். நைனா துரையின் கல்லறைப் பக்கமே நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வீடு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. சுத்தச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டியிருந்தேன். பிரஷை இரண்டு தரம் தோய்த்தும் சிலுவையில் வைக்காமலே என்னிடம் நீட்டியதைப் பார்க்காமல் இல்லை. மத்தியானம் சாப்பிடவில்லையே, பசி என்று நினைத்துவிட்டேன்.