தூங்குகிற அப்பாவின் ஊர்

எங்கள் காலனியில் என்னை நாகர்கோவில்காரன் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தபோது, என் பேச்சில் ஏதோ ஓர் இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்காரர், "உங்களுக்கு நாகர்கோவில் சைடா சார்?" என்று கேட்டார். நான் தலையாட்டி வைத்தேன். அன்றிலிருந்து நேந்திரம் சிப்ஸ் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருகிறார்கள். நானும் வாய் கூசாமல் பதில் சொல்கிறேன்.

நான் பிறந்தது இலங்கையில், மன்னாரில். சண்டைக் காலத்தில், ஏழு வயதில், அம்மாவோடு படகில் வந்து இறங்கினேன். முகாம், பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாம் இந்த நாட்டில்தான். மனைவி குரோம்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், பள்ளி ஆசிரியை. அவளுக்கு எல்லாம் தெரியும். இந்த நாடு இன்னும் என்னைக் குடிமகன் என்று எழுதிக்கொள்ளவில்லை. அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடினால் எங்கள் மாடியில் அதிகம் கத்துகிறவன் நான்தான். அது நடிப்பில்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு யாரும் நடிக்க மாட்டார்கள்.

மகள் பிறந்தவுடன் ஒரு முடிவெடுத்தேன். அவள் முழுக்க முழுக்க இந்த ஊர்ப் பெண்ணாக வளர வேண்டும். என் பழைய பேச்சில் ஒரு சொல்கூட அவள் காதில் விழக் கூடாது. "ரெண்டு வார்த்தை தெரிஞ்சா என்ன குறைஞ்சிடப் போவுது?" என்று மனைவி கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொந்த ஊர் எதுன்னு கேட்டா வாய மூடிக்கிட்டு நிக்கிற நிலைமை உனக்கு வந்திருக்கா?" என்றேன். அதோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

எனக்கு இரவு வேலை. மதியம் எல்கேஜியிலிருந்து மகளைக் கூட்டிவந்து, சோறு ஊட்டிவிட்டுப் படுத்துவிடுவேன். மனைவி வரும்வரை மகள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விளையாடுவாள். சமர்த்து. கதவைத் திறக்க மாட்டாள், அடுப்பங்கரைக்குப் போக மாட்டாள்.

முதலில் விமானம். தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். "நம்ம பிளேன், டாட்டா சொல்லு" என்று சொல்லிக் கொடுத்தே வளர்த்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானம் தாழப் பறந்தபோது அவளைக் காணவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

குண்டு விழும்போது காதுச் சவ்வு கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தாள். அம்மா செத்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் அவளைப் பார்த்ததே இல்லை.

"யாரு பாப்பா சொல்லிக் குடுத்தாங்க?"

"சும்மா வெளாட்டுப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் இட்லி வைத்தபோது, "பேந்து சாப்பிடறேம்மா" என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. 'பிறகு' என்பதற்கு எங்கள் பக்கத்தில்தான் 'பேந்து' என்போம். "நான் சத்தியமா சொல்லித் தரல" என்றேன். "அப்ப யாரு?" என்றாள் அவள். டிவியில் பொம்மைப்படம் தவிர எதுவும் ஓடுவதில்லை. காலனியிலோ எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் இல்லை. அவள் சிரிப்பும் மெல்ல நின்றுபோனது.

குடியரசு தினத்தன்று காலனி மைதானத்தில் கொடியேற்றினார்கள். மகள் தேசியகீதத்தை ஒரு வரி விடாமல் பாடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கச் செயலாளர் மைக்கை அவள் வாயருகே நீட்டி, "பாப்பாக்கு நம்ம நாட்ட ரொம்பப் புடிக்குமா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் மகள், கணீரென்று.

எங்கள் ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான் சொல். கூட்டத்துக்கு அது தெரியுமா? செயலாளர் சட்டென்று கைகூப்பிவிட்டார். எதிர்வீட்டு அக்கா, "சாமிக் கொழந்தைங்க! பிரணவ மந்திரம் சொல்லுது பாருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவளுக்கு மட்டும் இரண்டு லட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். படகு நிறைந்துவிட்டது என்று படகோட்டி ஒரு பிள்ளையை அடுத்த படகில் ஏற்றச் சொன்னான். அவளைச் சித்தியோடு கரையில் விட்டுவிட்டு வந்தோம். அந்த அடுத்த படகு வரவில்லை. அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. அப்போது அவளுக்கு நாலரை வயது. என் மகளுக்கும் இப்போது அதே வயதுதான். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் அந்த நாட்களில் பெற்ற பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. தலை பின்னும்போது அவள் திடீரென்று திரும்பினால் உடம்பு தூக்கிப்போட்டது.

ஒருநாள் மதியம் தூங்குவதில்லை என்று முடிவுசெய்தேன். வழக்கம்போலப் படுத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தமும் பொம்மைகளை வைக்கிற சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு தூரத்தில் விமானம் கேட்டது, நெருங்கியது, கடந்துபோனது.

பொம்மைகளை வைக்கிற சத்தம் நின்றது. கட்டிலருகே அவள் வந்து நிற்பது தெரிந்தது. என் கண்ணிமையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பின் என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, நான் வந்திட்டன்."

அந்த இழுப்போடு என்னை அண்ணா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

"ஓம் அண்ணா, படகு வந்தது. நான் ஏறிட்டன். அழாதைங்கோ."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் மதியத் தூக்கத்தில் நான் பேசியிருக்கிறேன். விமானம் போகும்போதெல்லாம் படுக்கச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பேந்து படகு வரும் என்று தேற்றியிருக்கிறேன். அண்ணா கேக்கிறன், வந்திட்டியே, ஏறிட்டியே என்று தங்கச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதிருக்கிறேன். பதில் வராதவரை இந்த ஆள் ஓய மாட்டான் என்று இந்தக் குழந்தை தானாகவே கண்டுபிடித்து, யாரோ ஒரு சிறுமியின் பதிலைத் தினமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது.

மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. கவுன் நுனியால் அவள் துடைத்தாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருப்பதுபோல் தெரிந்தது.

என்னையறியாமல் கேட்டேன். விழித்திருக்கும்போது அந்தப் பேச்சு என் வாயில் வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "எப்பிடி வந்தனி?"

சற்று யோசித்தாள். அந்தக் கேள்வி புதிது போலிருக்கிறது.

"நம்ம பிளேன்ல வந்தன்."

எனக்கு விம்மி வந்துவிட்டது. இங்கேயும் அங்கேயுமாக நான் இத்தனை வருடம் அடைத்தடைத்து வைத்திருந்த இரண்டு ஊரையும் அவள் ஒரே வரியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். எழுந்து அவளை அள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவள் இன்னும் நெருங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முழிச்சிருக்கிற அப்பாட்ட இதெல்லாம் சொல்லாதைங்கோ. அவருக்கு உங்களப் புடிக்காது."

நான் கண்ணைத் திறந்தேன்.

அவள் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓர் இழுப்பும் இல்லாமல், சுத்தமான குரோம்பேட்டைத் தமிழில், "நான் ஒண்ணும் பேசலப்பா" என்றாள்.